சாதாவும் ஸ்பெஷலும்

1

கோவில்பட்டியில் இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு வகையில் உறவு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்லிக் குளிரைப் பற்றியும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போவதைப் பற்றியும், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு நடக்கும் அடிபிடியைப் பற்றியும் இதற்கு முன்னால் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை எழுதப் போவது ஆண்கள் போட்டுக்கொள்ளும் உறையைப் பற்றி. கூச்சப்படுகிற சித்தப்பாமார்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். புரட்டமாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் என் கடைசி மகள் கோமதிக்கு இருமல். எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கோமல். "கோமதின்னா யாருக்கும் வாயில வரல பப்பா" என்று அவளே மாற்றிக்கொண்டுவிட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு கரோல் பாகில் எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இருமல் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, கோமதி கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பளபளப்பான வெளிநாட்டு டப்பாவை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எல், ஏ, ஆர், ஜி, ஈ. லார்ஜ். பப்பா, யே க்யா ஹை? என்ன இது, கையுறையா?"

நான் மருந்து வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். அவள் விடவில்லை. பக்கத்தில் இருந்த டப்பாக்களையும் படித்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் இந்தியிலேயே கேட்டாள்: "அங்கிள், எல்லாம் லார்ஜாவே இருக்கே. ஸ்மால் கிடையாதா?"

கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஸ்மால் எல்லாம் யாரும் வாங்கறதே இல்ல பேட்டா."

மருந்துப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது எனக்கு முகமெல்லாம் சூடாக இருந்தது. கூச்சத்தால் அல்ல. ஸ்மால் என்று ஒன்றை யாரும் வாங்காத காரணத்தால்தான் இந்தப் பெண் பிறந்தாள். அதை என் மனைவியிடம்கூட நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

2

எழுபதுகளின் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு டெல்லி வந்தேன். மத்திய அரசில் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரங்களைத் தயாரிக்கும் ஒரு பிரிவு. இங்கிலீஷில் வருவதைத் தமிழில் எழுதுவது என் வேலை. அடுத்த நாற்காலியில் இந்திக்கு மல்ஹோத்ரா.

வந்த புதிதில் சட்டை எடுக்க ஒரு ரெடிமேட் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்பக்கம் கையைக் காட்டினார். அங்கே போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன்களுக்கான பகுதி. அந்தச் சட்டைதான் எனக்குச் சரியாகவும் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்தேன். ஊரில் நான் குள்ளன் இல்லை. எங்கள் தெருவில் நடுத்தர உயரம். ரயில் ஏறி இறங்கிய இரண்டு நாளில் எப்படி இத்தனை சிறுத்துப்போனேன் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் என் கண்ணுக்கு நேரே எப்போதும் யாருடைய தோளாவது இருக்கும். அந்தத் தோள்களின் மேல் எனக்குப் பொறாமை.

தோள்களுக்கெல்லாம் ராஜா மல்ஹோத்ரா. ஆறடி. அடர்ந்த முடி. ஸ்கூட்டர். அவர் சிரித்தால் ஃபைல் கட்டு அதிரும். கேஸ் கனெக்‌ஷன் வேண்டுமா, பால் டோக்கன் வேண்டுமா, எல்லா ஆபீசிலும் அவருக்கு ஆள் இருந்தது. எனக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். அவர் குடியிருந்த அதே கட்டடத்தில் மொட்டைமாடி அறை. ஊரிலிருந்து செண்பகத்தையும் இரண்டு பையன்களையும் அங்கேதான் கூட்டிவந்தேன்.

செண்பகம் ஊரில் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். ஆறே மாதத்தில் இந்தி பேசக் கற்றுக்கொண்டாள். நான் இன்றைக்கும் ஆண்பால் பெண்பால் தெரியாமல் ரோட்டி வந்தான், தண்ணீர் வந்தாள் என்று பேசுகிறவன். அவள் கீழ்வீட்டு வீணாவோடு, அதாவது மல்ஹோத்ராவின் மனைவியோடு, மொட்டைமாடியில் மணிக்கணக்காகப் பேசுவாள். மல்ஹோத்ரா மேலே வந்து வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே, செண்பகத்தை 'பாபிஜி' (அண்ணி) என்று கூப்பிட்டு ஏதாவது சொல்லுவார். செண்பகம் சிரிப்பாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிப்பாள்.

கல்யாணமான எட்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. "என்ன சொன்னார்?" என்று கேட்பேன். "அது இந்தில சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்பாள். உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன்.

3

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பிரிவுக்கு ஒரு யோசனை வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கும் உறையை ஜனங்கள் மதிப்பதில்லை. பையன்கள் ஊதி விளையாடுகிறார்கள். அதனால் அழகான பொட்டலத்தில், கடையில் விற்கும்படியாக, இரண்டு அளவுகளில் புதிதாக ஒன்று தயாரிக்கலாம் என்பது யோசனை. எங்கள் பிரிவு பெயர் வைக்க வேண்டும், விளம்பரம் எழுத வேண்டும்.

ஒரு விளம்பரக் கம்பெனியிலிருந்து பானர்ஜி என்று ஒருவர் வந்தார். கையில் பைப். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துச் சொன்னார்: "செருப்பு வாங்கறவன் தன் காலைப் பார்த்து வாங்குவான். இதை வாங்கறவன் பக்கத்து வீட்டுக்காரனை நினைச்சு வாங்குவான். அதனால சிறிசுன்னு ஒரு வார்த்தை பொட்டலத்துல எங்கயும் வரக்கூடாது. எந்த மொழியிலயும்."

தமிழுக்கு என்ன எழுதுவது? உறை என்றால் தலையணை உறை என்று நினைப்பார்கள். நடுத்தரம், பெரியது என்றால், 'அப்போ சின்னது எங்கே?' என்று கேட்பார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஓட்டலில் தோசைக்குச் சொல்வது போல 'சாதா', 'ஸ்பெஷல்' என்று எழுதிக் கொடுத்தேன். பானர்ஜி துள்ளிக் குதித்தார். இந்திக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். மல்ஹோத்ரா என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு ரொம்ப நாள் ஞாபகத்தில் இருந்தது, வலித்ததாலும்தான்.

ஆனால் ஃபைல் மேலே போனதும் ஒரு அதிகாரி, 'ஸ்பெஷல் என்றால் அரசாங்கம் குடிமக்களிடையே பேதம் பார்ப்பதாகாதா?' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அதற்கு நாங்கள் பதில் எழுதினோம். பதிலுக்கு அவர் இன்னொரு கேள்வி எழுதினார். பொட்டலத்தின் மேல் போட இருந்த படத்தில் குதிரைமேல் ஒரு ஆள். அவனுக்கு மல்ஹோத்ராவின் தோள். 'தெற்கே எவனும் இவனைத் தன் ஜாடை என்று ஒத்துக்கொள்ள மாட்டான்' என்று நான் குறிப்பு எழுதினேன். படம் திரும்பி வந்தபோது அதே ஆளுக்கு மீசை மட்டும் வைத்திருந்தார்கள்.

இதற்கிடையே, எந்த அளவு எத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்று பார்க்க முதலில் ஆபீசிலேயே சோதனை நடத்தலாம் என்று முடிவானது. கல்யாணமான ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு பொட்டலம். ஒன்றின்மேல் ஏ, இன்னொன்றின்மேல் பி. ஏ சின்னது, பி பெரியது. அது எல்லாருக்கும் தெரியும். கூடவே ஒரு சைக்ளோஸ்டைல் படிவம்: பொருந்துவது எது, தளர்வா இறுக்கமா, வேறு குறைகள். கீழே பெயர், பதவி, கையெழுத்து. இரண்டு பிரதி.

"இதுக்குக் கையெழுத்து எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"கையெழுத்து இல்லாத காகிதத்தை ஃபைல்ல வைக்க முடியாது" என்றார் செக்‌ஷன் ஆபீசர். படிவங்களை வாங்கிக் கூட்டல் போட்டுக் கொடுக்கும் வேலையை, வாயடக்கமானவன் என்று சொல்லி, என்னிடமே கொடுத்தார்.

4

அந்த வாரம் வீட்டில் முதலில் ஏ. ஒரு குறையும் இல்லை. பிறகு பி. செண்பகம் இருட்டில் மெதுவாகச் சொன்னாள்: "இது சரியில்ல போலிருக்கே."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

மறுநாள் ஆபீசில் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டேன். பக்கத்தில் மல்ஹோத்ரா உட்கார்ந்து, ஏதோ லீவு விண்ணப்பம் எழுதுகிற மாதிரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அந்த முன்னங்கையைப் பார்த்தேன். 'பி' என்று எழுதினேன். தளர்வா இறுக்கமா என்ற கேள்விக்கு, 'சற்று இறுக்கம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

படிவங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பி. பி. பி. ரிட்டயராக ஆறு மாதம் இருந்த ஹெட் கிளார்க் பி. ஊதினால் பறந்துவிடுகிற கணக்குப் பிரிவுக்காரர் பி, 'இன்னும் பெரியது உண்டா?' என்ற கேள்வியோடு. எல்லாரும் என்னைப் போலவே பொய் எழுதியிருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்தது. ஆனால் அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அவர்களில் யாராவது ஒருவர் எழுதியது நிஜமாக இருந்துவிட்டால்?

கடைசியில் மல்ஹோத்ராவின் படிவம். 'பொருந்துவது: ஏ. நன்றாக இருக்கிறது. பி கழன்று விழுகிறது.' கீழே முழுப் பெயரும், கோடு இழுத்த கையெழுத்தும்.

மூன்று தடவை படித்தேன். முதலில் ஒரு குதூகலம் வந்தது. அதை மறைக்கமாட்டேன். அந்த ஆறடிக்கும் ஏ-தான்! ஆனால் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அந்த ஆள் எழுதியிருந்த விதம் என்னைப் பிடுங்கித் தின்றது. உள்ளதை எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார். என்னால் அது முடியவில்லை. அவர் தோளைப் பார்த்துப் பட்ட பொறாமை இதன் முன்னால் ஒன்றுமில்லை.

வாயடக்கமானவன் என்று பெயர் வாங்கிய நான் அடுத்த நாள் கேன்டீனில் வாயைத் திறந்தேன். மல்ஹோத்ரா வரிசையில் சமோசாவுக்கு நின்றுகொண்டிருந்தபோது என் பக்கத்தில் இருந்தவரிடம் மட்டும்தான் சொன்னேன். மல்ஹோத்ரா திரும்பி வருவதற்குள் மூன்று மேஜைக்குப் பரவிவிட்டது.

"மல்ஹோத்ரா சாப், உங்களுக்கு ஏ-வாமே!" என்று ஒருவர் கத்தினார். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு.

மல்ஹோத்ரா தட்டோடு நின்றார். பிறகு அவரும் சிரித்தார். (அவர் பேசியதெல்லாம் இந்தி, நான் தமிழில் எழுதுகிறேன்.) "ஆமாப்பா. என் ரெண்டு பசங்களும் என்னையே உரிச்சு வச்சிருக்காங்க. இதுக்கு மேல எனக்கு என்ன அளவு வேணும்?"

சிரிப்பு இன்னும் பெரிதானது. ஆனால் இப்போது அது அவர் பக்கத்துச் சிரிப்பு. ஒருவர் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். அப்போது அடுத்த மேஜையிலிருந்து யாரோ என்னைக் கேட்டார்: "மதராசி, நீ என்ன எழுதினே?"

"பி" என்றேன்.

மல்ஹோத்ரா என்னை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு சமோசாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார்.

5

அதற்கு அடுத்த வாரம் செண்பகத்துக்கு டெல்லியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ்ஸில் போனால் புடவை கசங்கிவிடும் என்று வீணா சொல்ல, மல்ஹோத்ரா அரை நாள் லீவு போட்டுத் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது மாடிச் சுவரோரம் நின்று பார்த்தேன். பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் சர்டிஃபிகேட் பையையும் ஒரு கையால் சீட்டின் பிடியையும் பிடித்திருந்தாள். அவர் ஏதோ சொன்னார். சிரித்தாள். ஸ்கூட்டர் தெரு திரும்புகிற வரைக்கும் அந்தக் கை எங்கே இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. உத்தரவு வந்த அன்று கீழ்வீட்டிலிருந்து ஜிலேபி வந்தது. செண்பகம் கடிதத்தைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினாள். பெரியவன், "அம்மா, தமிழ்லயா சொல்லிக் குடுப்பே? அதை யார் படிப்பாங்க?" என்று கேட்டான். அவள் அதற்கும் சிரித்தாள். அன்றைக்கு எதைச் சொன்னாலும் சிரித்திருப்பாள். ஆனால் முதலில் செய்தி சொல்ல ஓடியது கீழ்வீட்டுக்கு. நான் ஆபீசிலிருந்து வந்தபோது எனக்கு மிஞ்சியது ஆறிப்போன ஜிலேபியும், இரண்டாம் தடவை சொல்லப்பட்ட செய்தியும்.

அன்று இரவு அவளாகவேதான் என் பக்கம் திரும்பினாள். நான் அலமாரியிலிருந்து பி-யை எடுத்தேன்.

"அந்த முதப் பொட்டலத்துலயே எடுங்களேன்" என்றாள்.

"ஏன், நான் அவ்வளவுதான்னு சொல்லுதியா?"

"அய்யோ, நான் என்னத்தச் சொன்னேன்?"

"கீழ இருக்கிறவரைப் பாத்துட்டு என்னையப் பாத்தா அப்படித்தான் இருக்கும்."

அவள் விளக்கை அணைத்தாள். ஒரு காகிதத்தில் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டவனுக்கு, அப்புறம் அதை நிரூபித்துக்கொண்டே இருக்கத் தோன்றும் போலிருக்கிறது, யாரும் பார்க்காத இடத்தில்கூட. அது கழன்றது. எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அளவைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அவளுக்கு மசக்கை வந்துவிட்டது. வேலையில் சேர டாக்டர் சர்டிஃபிகேட் கேட்டார்கள். சேர்ந்த கையோடு பிரசவ லீவு போகிறவளை எடுப்பதற்கில்லை என்று நயமாகச் சொல்லி, பட்டியலில் அடுத்து இருந்தவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கலைத்துவிடலாமா என்றும் பேசினோம். ஒருநாள் வீணாவோடு ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆபீசில், இரண்டே குழந்தைகளோடு ஒரு குடும்பம் சிரிக்கிற போஸ்டருக்குக் கீழேதான் என் நாற்காலி. மூன்றாவது என்று தெரிந்ததும் செக்‌ஷன் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "நாமே இப்படிச் செய்தால் எப்படி வேலாயுதம்?" என்றார். இரண்டு அளவு யோசனையும் அத்தோடு நின்றுபோனது. படிவங்களைப் பார்த்தால் தேசத்தில் சாதாவுக்கு ஆளே இல்லை. பானர்ஜி கடைசியாகச் சொன்ன யோசனை, எல்லாப் பொட்டலத்திலும் வெளியே ஸ்பெஷல் என்று போட்டு உள்ளே சாதாவை வைத்துவிடலாம் என்பது. அது எந்த மேஜையில் தங்கிப்போனதோ தெரியாது.

கோமதி பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் செண்பகம் மறுபடி விண்ணப்பம் போட்டாள். வயது வரம்பு தாண்டிவிட்டது என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அறையிலேயே பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறாள். கோமதியும் உட்காருவாள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

6

மருந்துக் கடையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் செண்பகம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். கோமதி கேட்டதையும் கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன். சிரித்தாள். பிறகு, எப்படியோ, படிவத்தில் நான் பொய் எழுதியதைச் சொன்னேன். கேன்டீனில் மல்ஹோத்ராவைப் பற்றிச் சொல்லிவிட்டதையும் சொன்னேன். அன்று இரவு கழன்றது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு பட்டாணியை உரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஃபாரத்துல பொய் எழுதுனது ஆபீசுக்கும் உங்களுக்கும் உள்ளது. அதப்பத்தி எனக்கென்ன. இது சரியில்லன்னு நான் சொன்னேன்லா. ரெண்டு வாட்டி சொன்னேன். அதை நீங்க காதுல வாங்கல. அதுதான் எனக்கு."

"இத்தனை வருஷமா ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா? கோமு இருக்கா. அவ காதுல விழுற மாதிரி, நீ தப்பா வந்தவள்னு நான் பேசணுமா?"

நான் தொலியைக் கூட்டி அள்ளினேன். அவளே மறுபடி பேசினாள். "நீங்க 'பி'ன்னு எழுதியிருப்பியன்னு எனக்குத் தெரியாது. 'ஏ'ன்னுதான் நெனச்சேன். வீணாட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"வீணாகிட்டயா? எப்ப?"

"அந்த ஃபாரம் குடுத்த வாரமே. மாடில வத்தல் காயப்போடும்போது கேட்டா. எங்க வீட்டுக்காரர் 'ஏ', உங்க வீட்டுக்காரர் என்னன்னா. எங்களுக்கும் அதேதான்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ அவர்கிட்ட சொல்லாம இருந்திருப்பாளா?"

அந்த வாரமே. அப்படியென்றால் கேன்டீனில் தட்டோடு நின்ற மனிதருக்கு எல்லாம் தெரியும். நான் 'பி' என்றபோது அவர் வாயில் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. அத்தனை மேஜையும் என் பக்கம் திரும்பிச் சிரித்திருக்கும். என் மூக்கிலிருந்து என் இந்திவரை எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவர், இத்தனை வருஷத்தில் இதை மட்டும் ஒருநாள்கூடத் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, செண்பகத்தின் பிள்ளைகள் படியேறி வந்துகொண்டிருந்தபோது, நான் கீழே இறங்கினேன். மல்ஹோத்ரா இப்போது ரிட்டயராகிவிட்டார். பனியனும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வாசலில் ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது, கொட்டவில்லை.

"மல்ஹோத்ரா சாப்" என்றேன். "அந்த ஃபாரத்துல என்னோடது பி இல்ல. ஏ." வழக்கம்போல என் இந்தியில் பி ஆணாகவும் ஏ பெண்ணாகவும் வந்திருக்கும்.

அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பிளக்கை ஊதிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"அன்னிக்கு உங்களைப் பத்தி அங்க சொன்னது நான்தான்."

"அதுவும் தெரியும். ஃபாரமெல்லாம் உன்கிட்டதானே இருந்துது."

"நீங்க ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்க வேண்டாததைக் கேட்ட பிள்ளையைப் பார்ப்பது போல.

"சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. வீணா சொன்னான்னு சொல்லணும். வீணாவுக்கு யார் சொன்னா? பாபிஜி. உன்னைப் பத்தி எனக்கென்னப்பா, நீ ஒரு நாள் சிரிப்புக்கு ஆளாகிட்டுப் போயிருப்பே. ஆனா கேன்டீன் பூரா பாபிஜி பேரை வாயில போட்டு மென்னிருப்பானுங்க. அடுத்த வாரம் அவங்க என் ஸ்கூட்டர்ல இன்டர்வியூவுக்கு வரணும். ஆபீஸ்காரன் எவனாவது பார்த்தா என்ன பேசுவான்?" பிளக்கை மாட்டித் திருகினார். "நீயே மாடியிலேருந்து அப்படிப் பாத்துக்கிட்டு நின்னே."

அவர் ஸ்கூட்டரை உதைத்தார். பற்றவில்லை. இன்னொரு தடவை உதைத்தார். பற்றிக்கொண்டது. "டீ குடிச்சிட்டுப் போ, வீணா போட்டிருக்கா" என்று சத்தத்துக்கு மேலே கத்தினார்.

டீ குடித்துவிட்டு மேலே வந்தேன். பிள்ளைகள் 'ழ' எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். செண்பகம் வாசற்படி வரைக்கும் வந்து, "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். மல்ஹோத்ரா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

"அவருக்கு என்னையப் பத்தித் தோணியிருக்கு" என்றாள். பிறகு உள்ளே போய்க் கோமதியின் கையைப் பிடித்துச் சுழியைத் திருத்திக் கொடுத்தாள்.

இத்தனை வருஷம் அந்த மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில் தோள், முடி, ஸ்கூட்டர் என்று நான் வைத்திருந்த காரணம் ஒன்றாவது உருப்படியானதில்லை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போதுதான் முதல்முறையாக ஒரு சரியான காரணம் கிடைத்தது.